சொல்லாமல் விடும் நாவல்கள்: 8 முதல் 17 வயது வரையான வாசகர்களுக்குச் சில பரிந்துரைகள்

பதிப்பகங்கள் 8 முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்கு ஒரு வகை நாவலையும், அதற்கு மேற்பட்ட பதின்பருவத்தினருக்கு இன்னொரு வகை நாவலையும் வெளியிடுகின்றன. பின்னட்டையில் அச்சிடப்படும் வயதுக் குறிப்பு, நூலகத்தில் எந்த அலமாரிக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்லும். எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் பொருந்தும் என்பதைச் சொல்லாது. சொற்கள் எளிமையாக இருந்தும் பெரியவர்களையே திணறடிக்கும் சிறார் நாவல்கள் உண்டு. நானூறு பக்கங்களுக்கு நீண்டும் மனத்தில் ஒரு கேள்வியைக்கூட விட்டுச் செல்லாதவையும் உண்டு. கதையில் எவ்வளவு சொல்லப்படாமல் விடப்பட்டிருக்கிறது, அதை நிரப்பும் பொறுப்பு வாசிக்கும் பிள்ளையிடம் எந்த அளவுக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் இந்த வயதினருக்கான நாவலைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இங்கே நான் பரிந்துரைப்பவை எல்லாம் பிள்ளைகளை நம்பி அந்தப் பொறுப்பைக் கொடுப்பவை. அறிவுரை சொல்வதற்கென்றே எழுதப்பட்ட கதைகளை, அந்த அறிவுரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நான் சேர்க்கவில்லை. பத்து வயதுப் பிள்ளை அத்தகைய கதையை மூன்றாம் பக்கத்திலேயே இனம் கண்டுகொண்டு மூடி வைத்துவிடும்.

எட்டு, ஒன்பது வயதில் நாவல் வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு ஈ. பி. ஒயிட் எழுதி 1952-இல் வெளிவந்த 'சார்லட்ஸ் வெப்' நாவலையே இன்றும் முதலில் சொல்வேன். அப்பா கோடரியை எடுத்துக்கொண்டு எங்கே போகிறார் என்று ஃபெர்ன் என்ற சிறுமி கேட்கும் கேள்விதான் நாவலின் முதல் வரி. பிறந்த பன்றிக்குட்டிகளில் ஒன்று சவலையாக இருப்பதால் அதைக் கொல்லப் போகிறார் என்பது அடுத்த சில வரிகளில் தெரிந்துவிடும். அந்தக் குட்டியை முதலில் ஃபெர்னும், பின்னர் தொழுவத்தில் வலை பின்னி வாழும் சார்லட் என்ற சிலந்தியும் காப்பாற்றுகிறார்கள். நாவலின் பிற்பகுதியில், எல்லோரும் கலைந்து போன கண்காட்சித் திடலில் சார்லட் இறந்துபோகிறாள். அப்போது அவள் அருகில் யாருமே இல்லை என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லி ஒயிட் அந்த அத்தியாயத்தை முடித்துவிடுகிறார். ஆறுதலாக ஒரு சொல்கூட அங்கே கிடையாது. அந்த வெற்றிடத்தில் பிள்ளை தானாக அழுது, தானாகத் தேறி, அடுத்த அத்தியாயத்தைத் திருப்புகிறது. அங்கே சார்லட்டின் முட்டைகளிலிருந்து 514 குஞ்சுகள் பொரிந்து, அவற்றில் மூன்று மட்டும் தொழுவத்திலேயே தங்கிவிடுகின்றன. மரணத்தைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்க விரும்பும் பெற்றோர் இந்தப் புத்தகத்தைத் தள்ளிப்போடுவது எனக்குத் தெரியும். என்னைக் கேட்டால், அந்தச் செய்தியை முதன்முதலில் கேட்பதற்கு இதைவிட நேர்மையான குரல் கிடைப்பது அரிது.

பத்து வயதுக்கு மேல், வாசிப்பில் விருப்பம் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடே பார்க்காமல் நான் பரிந்துரைக்கும் நாவல் லூயிஸ் சாக்கரின் 'ஹோல்ஸ்'. 1998-இல் வெளிவந்த இந்நூல் அதே ஆண்டின் அமெரிக்க தேசியப் புத்தக விருதையும், 1999-இல் அந்நாட்டின் சிறார் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கத்தையும் பெற்றது. ஸ்டான்லி என்ற சிறுவன், தான் செய்யாத திருட்டுக்காக, ஒரு சீர்திருத்த முகாமுக்கு அனுப்பப்படுகிறான். முகாமின் பெயரில் ஏரி இருக்கிறது. தரையில் ஏரி கிடையாது, காய்ந்து வெடித்த நிலம்தான் இருக்கிறது. அங்குள்ள ஒவ்வொரு சிறுவனும் நாள்தோறும் ஐந்தடி ஆழமும் ஐந்தடி அகலமும் கொண்ட ஒரு குழியைத் தோண்ட வேண்டும். மண்வெட்டியின் நீளமும் ஐந்தடி என்பதால் அதுவே அளவுகோல். எந்தப் பக்கம் படுக்க வைத்தாலும் அது குழிக்குள் அடங்கினால் அன்றைய வேலை முடிந்தது. உள்ளங்கை கொப்புளங்களும், தோண்டிய மண்ணை எவ்வளவு தள்ளிப் போடுவது என்ற கணக்கும் நாவலில் பக்கம் பக்கமாக வருகின்றன. இந்த உடல் உழைப்பின் விவரம்தான் வாசிக்கச் சலிப்புறும் பிள்ளையையும் பிடித்து நிறுத்துகிறது.

அதற்கிடையே சாக்கர் வேறு இரண்டு கதைகளையும் சொல்லிக்கொண்டே போகிறார். ஒன்று, ஸ்டான்லியின் மூதாதையர் லாட்வியாவில் ஒரு மூதாட்டிக்குக் கொடுத்து நிறைவேற்றத் தவறிய வாக்கைப் பற்றியது. மற்றொன்று, ஏரியில் தண்ணீர் இருந்த காலத்தில் அதன் கரையில் வாழ்ந்த ஓர் ஆசிரியைக்கும் வெங்காயம் விற்ற ஒருவனுக்கும் நேர்ந்ததைப் பற்றியது. மூன்றும் எங்கே முடிச்சுப் போடப்படுகின்றன என்று ஆசிரியர் விளக்குவதே இல்லை. முன்பு ஒரு முறை கேட்ட தாலாட்டு, முன்பு ஒரு முறை கண்ட மலை, முன்பு ஒரு முறை படித்த பெயர் ஆகியவற்றை நினைவில் வைத்திருக்கும் பிள்ளைக்கு, இறுதியை நெருங்கும்போது அவை ஒவ்வொன்றாகப் பொருந்தும் மகிழ்ச்சி கிடைக்கிறது. ஐம்பது அத்தியாயங்கள் இருந்தாலும் பல அத்தியாயங்கள் இரண்டு மூன்று பக்கங்களில் முடிந்துவிடுவதால், இன்னும் ஒன்று மட்டும் என்று பிள்ளை தானே கேட்கும். கதையமைப்பு என்றால் என்ன என்று பாடம் எடுப்பதற்குப் பதிலாக இந்த ஒரு நாவலைக் கொடுத்துவிடலாம். இதில் கொடுமை இருக்கிறது, நிறவெறியால் நிகழும் ஒரு கொலையும் இருக்கிறது. இரண்டையும் ஆசிரியர் மிகைப்படுத்தாமல், மென்று விழுங்காமல் சொல்லியிருக்கிறார்.

உடல் உழைப்பும் உயிர்பிழைத்தலுமே வேண்டும் என்பவர்களுக்கு கேரி பால்சனின் 'ஹாட்செட்' (1987) இருக்கிறது. சிறு விமானத்தின் ஓட்டுநர் மாரடைப்பால் இறந்துவிட, 13 வயது பிரையன் கனடாவின் காட்டில் ஒரு கைக்கோடரியோடு 54 நாள்களைக் கழிக்கிறான். நெருப்பு மூட்டும் காட்சி மட்டுமே இந்நூலை வாங்கப் போதுமான காரணம். பெற்றோரின் மணமுறிவு குறித்து அவன் மட்டுமே அறிந்த ஓர் இரகசியத்தை, மீண்டு வந்த பின்னும் தந்தையிடம் அவன் சொல்லாமலே இருந்துவிடுவது, பெற்றோர் பிரிந்த பிள்ளைகளுக்கு வேறு விதமாகப் புரியும்.

வரலாற்று நாவல் என்றவுடன் தேதிகளின் அணிவகுப்பை அஞ்சும் பிள்ளைகளிடம் லோயிஸ் லோரியின் 'நம்பர் தி ஸ்டார்ஸ்' நூலைக் கொடுக்கலாம். 1943-இல் நாஜிகளின் பிடியில் இருந்த டென்மார்க்கில், யூதர்களைக் கைது செய்யும் திட்டம் கசிந்தவுடன், ஏறத்தாழ ஏழாயிரம் பேரைச் சாதாரண மக்கள் படகுகளில் ஸ்வீடனுக்குக் கடத்திக் காப்பாற்றினார்கள். அந்த நிகழ்வை பத்து வயது ஆனிமேரியின் கண்ணால் லோரி பார்க்கிறார். அவளுடைய பெற்றோரும் மாமாவும் அவளிடம் எல்லாவற்றையும் சொல்வதில்லை. எல்லாம் தெரியாமல் இருக்கும்போது துணிவாக இருப்பது எளிது என்று மாமா விளக்கவும் செய்கிறார். அதனால், காட்டு வழியே ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, அதனுள் இருக்கும் சிறு பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, வாசிப்பவருக்கும் தெரியாது. வழிமறிக்கும் வீரர்களின் நாய்கள் முன்னால் அவள் அசட்டுச் சிறுமியைப் போல நடிக்கும் பக்கங்களைப் பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு வாசிப்பார்கள். பின்னுரையில் எது வரலாறு, எது கற்பனை என்று லோரி நேர்மையாகப் பிரித்துக் காட்டியிருப்பதால் அதையும் தவறாமல் வாசிக்கச் சொல்லுங்கள்.

அமைதியான, பரபரப்பில்லாத கதைகளை விரும்பும் பிள்ளைகளைப் பரிந்துரைப் பட்டியல்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. அவர்களுக்காக ஃபிலிப்பா பியர்ஸ் 1958-இல் எழுதி, பிரிட்டனின் கார்னெகி பதக்கம் பெற்ற 'டாம்ஸ் மிட்நைட் கார்டன்' நாவலை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். தம்பிக்குத் தட்டம்மை வந்ததால் உறவினர் வீட்டுக்கு அனுப்பப்படும் டாம், அங்குள்ள பழைய கடிகாரம் இரவில் பதின்மூன்று முறை அடிப்பதைக் கேட்கிறான். பின்கதவைத் திறந்தால், பகலில் இல்லாத ஒரு தோட்டம் விரிகிறது. அங்கே வேறொரு காலத்தைச் சேர்ந்த ஹாட்டி என்ற சிறுமி இருக்கிறாள். பனிச்சறுக்குக் காலணிகளை அறைத் தரைப்பலகையின் அடியில் ஒளித்து வைக்கும்படி ஹாட்டியிடம் கேட்டுக்கொள்ளும் டாம், தன்னுடைய காலத்தில் அதே பலகையைப் பெயர்த்துப் பார்க்கிறான். காலணிகள் அங்கே இருக்கின்றன. அதன் பிறகு, உறைந்த ஆற்றின் மேல் ஒரே இணைக் காலணிகளை இருவரும் ஒரே வேளையில் அணிந்து சறுக்கிச் செல்கிறார்கள். காலம் என்பதைப் பற்றி ஒரு பிள்ளையால் எவ்வளவு ஆழமாகச் சிந்திக்க முடியுமோ அவ்வளவையும் இந்தக் காட்சி தூண்டிவிடும். முதல் நாற்பது பக்கங்கள் மெதுவாக நகரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அந்தப் பகுதியைப் பெரியவர் ஒருவர் உடன் அமர்ந்து உரக்க வாசித்துக் காட்டினால், மிச்சத்தைப் பிள்ளை தானே எடுத்துக்கொண்டு போய்விடும்.

தடித்த புத்தகத்தைக் கண்டாலே பின்வாங்குபவர்களுக்கு இப்போது கவிதை வடிவ நாவல்கள் நிறைய வருகின்றன. அவற்றில் தான்ஹா லாய் எழுதிய 'இன்சைட் அவுட் அண்ட் பேக் அகெய்ன்' (2011) எனக்கு மிக நெருக்கமானது. 1975-இல் தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்தபோது குடும்பத்தோடு கப்பலேறி அமெரிக்காவின் அலபாமாவில் குடியேறும் பத்து வயது ஹா, சொந்த மொழியில் கெட்டிக்காரியாக இருந்து, புதிய மொழியில் மக்காகிப் போன அவமானத்தைச் சிறு சிறு வரிகளில் சொல்கிறாள். வரிகளுக்கிடையே உள்ள வெள்ளையிடமே அவளுடைய மௌனமாக இருக்கிறது. விளையாட்டில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு குவாமே அலெக்சாண்டரின் 'தி கிராஸ்ஓவர்' பொருந்தும். கூடைப்பந்தாடும் இரட்டையர்களின் கதையாகத் தொடங்கி, மருத்துவரிடம் போக மறுக்கும் தந்தையின் கதையாக மாறும் இந்நூலுக்கு 2015-இல் நியூபெரி பதக்கம் கிடைத்தது. இவற்றைப் பலர் ஒரே மாலையில் முடித்துவிடுகிறார்கள். ஒரு நாவலை முழுதாக முடித்தேன் என்ற நிறைவு அடுத்த நூலுக்கு அவர்களை அழைத்துச் செல்கிறது.

பள்ளிகளும் பெற்றோரும் பெரிதும் பரிந்துரைக்கும் 'வொண்டர்' (2012) பற்றி ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல வேண்டும். முகத்தின் அமைப்பில் வேறுபாட்டோடு பிறந்த ஆக்கி முதன்முறையாகப் பள்ளிக்குச் செல்லும் ஆண்டை, ஆர். ஜே. பலாசியோ பலருடைய குரல்களில் சொல்கிறார். தம்பிக்கே எல்லாக் கவனமும் போய்விட்ட வீட்டில் வளரும் அக்கா வியாவின் பகுதி மிகச் சிறப்பானது. அவளுடைய அன்பும் மனக்குறையும் ஒன்றையொன்று மறுக்காமல் அருகருகே இருக்கின்றன. ஆனால் நாவலின் முடிவில் அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டும்போது, எதை உணர வேண்டும் என்பதை ஆசிரியரே சொல்லிவிடுகிறார். நல்ல நூல்தான், தாராளமாக வாசிக்கலாம். இதோடு நிறுத்திவிடக் கூடாது என்பதே என் கவலை.

பன்னிரண்டு வயதுக்கு மேல் கேள்விகள் மாறுகின்றன. லோரியின் இன்னொரு நாவலான 'தி கிவர்' (1993) அந்த மாற்றத்தின் வாசலில் நிற்கிறது. பசி, போர், வேலையின்மை எதுவும் இல்லாத ஒரு சமூகத்தில், 12 வயது நிறைந்தவர்களுக்குப் பெரியவர்களே தொழிலை ஒதுக்கித் தருகிறார்கள். நண்பனோடு ஆப்பிளை எறிந்து விளையாடும்போது, காற்றில் பறக்கும் அந்தப் பழம் ஒரு நொடி என்னவோ மாறுவதை ஜோனஸ் கவனிக்கிறான். என்ன மாறியது என்று சொல்ல அவனிடம் சொல்லே இல்லை. அந்த உலகில் நிறங்களே கிடையாது என்பதை வாசகர் புரிந்துகொள்ளும் கணத்தில், அதுவரை கசப்பில்லாமல் தோன்றிய எல்லாமே கசக்கத் தொடங்கிவிடும். முடிவு இரண்டு விதமாகப் பொருள்கொள்ளும்படி விடப்பட்டிருக்கிறது. பின்னாளில் லோரி இதன் தொடர்ச்சியாக மூன்று நாவல்களை எழுதி, ஜோனஸுக்கு என்ன ஆயிற்று என்பதைத் தெளிவாக்கிவிட்டார். அவற்றை உடனே வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். தங்கள் முடிவே சரி என்று வாதாடும் சில மாதங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

மாயாஜாலத் தொடர்களில் மூழ்கியிருப்பவர்களை அங்கிருந்து இழுத்து வர வேண்டிய தேவையே இல்லை. அதே வழியில் இன்னும் ஆழமான இடத்துக்கு உர்சுலா கே. லெ குவின் கூட்டிச் செல்வார். 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' (1968) இருநூறு பக்கங்களைச் சற்றே தாண்டும் சிறிய நாவல். மந்திரம் பயிலும் கெட் என்ற இளைஞன், சக மாணவன் ஒருவன் முன் தன் ஆற்றலைக் காட்டும் செருக்கில் ஒரு நிழலை உலகுக்குள் விட்டுவிடுகிறான். முதலில் அது அவனைத் துரத்துகிறது, பின்னர் அவன் அதைத் துரத்துகிறான். பெரும் படைகள் மோதும் போரோ, அழித்தொழிக்க வேண்டிய தீய அரசனோ இதில் இல்லை. நாயகனும் அந்தத் தீவுக்கூட்டத்தின் பெரும்பான்மை மக்களும் மாநிறமும் கறுப்பு நிறமும் கொண்டவர்கள் என்பதை, அது வழக்கத்தில் இல்லாத காலத்திலேயே லெ குவின் திட்டமிட்டு எழுதினார். வாக்கியங்கள் அடர்த்தியானவை என்பதால் வேகமாக வாசிப்பவர்கள் முதலில் தடுமாறக்கூடும். 13 வயதுக்கு முன் கொடுத்துப் பிடிக்கவில்லை என்றால், ஓராண்டு கழித்து மீண்டும் கொடுங்கள்.

எஸ். ஈ. ஹின்டன் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை எழுதத் தொடங்கியது 15 வயதில். 1967-இல் அது வெளிவந்தபோது அவருக்கு 18 வயது. ஏழை இளைஞர்களும் வசதியான இளைஞர்களும் மோதிக்கொள்ளும் கதையில் இன்றைய வாசகருக்குப் பழசாகத் தெரியும் இடங்கள் உண்டு. ஆயினும், பெற்றோரை இழந்த மூன்று சகோதரர்களில் மூத்தவன், தம்பியைக் காப்பாற்றும் பதற்றத்தில் எப்போதும் கடுமையாகவே பேசுவதும், அதைத் தம்பி வெறுப்பு என்று எடுத்துக்கொள்வதும் அந்த வயதை உள்ளிருந்தே அறிந்த ஒருவரால் மட்டுமே எழுத முடிந்தவை.

இனி, இந்தப் பட்டியலிலேயே எனக்கு மிகவும் பிடித்த 'எ மான்ஸ்டர் கால்ஸ்' (2011). எழுத்தாளர் ஷிவான் டவுட் இந்தக் கதையின் கருவை உருவாக்கி, எழுதி முடிக்கும் முன்பே 2007-இல் புற்றுநோயால் இறந்துவிட்டார். பேட்ரிக் நெஸ் அதை ஏற்று எழுதினார். 13 வயது கானரின் தாய் நோயில் வாடிக்கொண்டிருக்கிறார். இரவு 12:07 மணிக்கு வீட்டின் பின்புறம் உள்ள பெரிய மரம் அசுர உருவெடுத்து அவன் சன்னலுக்கு வருகிறது. மூன்று கதைகளை நான் சொல்வேன், நான்காவதை நீ சொல்ல வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. அசுரன் சொல்லும் முதல் கதையில் ஓர் இளவரசனும் அவனுடைய தாத்தா மறுமணம் செய்துகொண்ட அரசியும் வருகிறார்கள். இவ்வகைக் கதைகளில் யார் கெட்டவர் என்று நமக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டே வாசிப்போம். கதை முடியும்போது கானரோடு சேர்ந்து நாமும் ஏமாந்திருப்போம். அவன் கோபப்படுகிறான், இது நியாயமே இல்லை என்கிறான். அசுரனோ சமாதானம் சொல்வதில்லை. இப்படி ஒவ்வொரு கதையிலும் நல்லவர், கெட்டவர் என்ற எளிய பிரிவினையை உடைத்து உடைத்து, ஒரே மனத்துக்குள் நேரெதிரான இரண்டு உணர்ச்சிகள் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்ற இடத்துக்கு நாவல் நம்மைக் கொண்டு வருகிறது. கானர் யாரிடமும் சொல்லாமல் புதைத்து வைத்திருக்கும் நான்காவது கதை என்ன என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. நெடுநாள் நோயாளி ஒருவரின் அருகில் வாழ்ந்தவர்கள் அதை ஊகித்திருக்கக்கூடும். அதை நினைத்ததற்காகத் தங்களையே வெறுத்துக்கொண்டவர்கள் உலகில் ஏராளம். அந்த நினைப்புக்காக யாரும் தண்டிக்கப்பட வேண்டியதில்லை என்பதை ஒரு சிறார் நாவல் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வாங்கும்போது ஜிம் கேயின் ஓவியங்கள் உள்ள பதிப்பையே வாங்குங்கள், ஓவியங்கள் இல்லாத பதிப்பும் விற்பனையில் இருக்கிறது. பக்கத்தின் ஓரங்களிலிருந்து கிளைகளும் நிழல்களும் எழுத்துகளை நோக்கி ஊர்ந்து வரும் அந்தக் கறுப்பு வெள்ளை ஓவியங்கள் கதையின் பாதி. எழுத்துக்கான கார்னெகி பதக்கமும், ஓவியத்துக்கான கேட் கிரீனவே பதக்கமும் 2012-இல் இந்த ஒரே நூலுக்குக் கிடைத்தன.

மூத்த பதின்பருவத்தினருக்கு இரண்டு நூல்களைச் சற்று எச்சரிக்கையோடு பரிந்துரைக்கிறேன். மார்கஸ் சூசக்கின் 'தி புக் தீஃப்' (2005) நாஜி ஜெர்மனியில் நிகழும் கதை. அதைச் சொல்பவர் மரணமே. யார் யார் இறக்கப் போகிறார்கள் என்பதை மரணம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. மேலே சொன்ன நாவல்கள் மறைத்து வைத்துச் சாதித்ததை இது வெளிப்படையாகச் சொல்லியே சாதிக்கிறது, ஏனென்றால் தெரிந்த முடிவை நோக்கி நடப்பதன் பாரத்தை வாசகரே சுமக்க வேண்டியிருக்கிறது. நிலவறையில் ஒளிந்திருக்கும் யூத இளைஞன், ஹிட்லரின் நூலிலிருந்து தாள்களைக் கிழித்து, அவற்றின் மேல் வெள்ளை வண்ணம் பூசிக் காயவைத்து, லீசல் என்ற சிறுமிக்காக ஒரு படக்கதை எழுதித் தருவான். பூச்சின் அடியில் பழைய எழுத்துகள் மங்கலாகத் தெரியும். அந்த இடம் வரை பொறுமையோடு வருபவர்கள் புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டார்கள்; ஆனால் தொடக்கப் பகுதி சிதறலாகவும் தன் நடையைத் தானே வியப்பதாகவும் இருப்பதால், சுமார் ஐம்பது பக்கங்களுக்கு அந்தப் பொறுமை தேவைப்படும்.

லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் 'ஸ்பீக்' (1999), பாலியல் வன்முறைக்கு ஆளான மெலிண்டா என்ற மாணவி ஏறத்தாழ ஓர் ஆண்டு முழுவதும் பேச்சையே இழந்து கிடப்பதைப் பற்றியது. அவள் வெளியில் பேசுவதில்லை என்றாலும் உள்ளே கூர்மையாகவும், பல இடங்களில் நம்மைச் சிரிக்க வைக்கும்படியும் பேசிக்கொண்டே இருக்கிறாள். என்ன நடந்தது என்பது நெடுநேரம் வரை சொல்லப்படாததால், அவளைச் சுற்றியுள்ளவர்கள் செய்யும் தவறான ஊகங்களை வாசகரும் செய்யக்கூடும். அதுதான் நாவலின் வலிமை. 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இதைக் கொடுக்கலாம், பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடாமல் ஆண் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும். கொடுப்பவர் முன்னதாகவே வாசித்திருப்பது கட்டாயம். வாசித்த பிள்ளை ஏதேனும் சொல்ல வந்தால், குறுக்கிடாமல் கேட்பதற்கு ஒருவர் வீட்டிலோ பள்ளியிலோ இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் வாங்க முடியாதவர்கள் எதில் தொடங்குவது என்று கேட்டால், 12 வயதுக்கு உட்பட்டவருக்கு 'ஹோல்ஸ்', அதற்கு மேற்பட்டவருக்கு 'எ மான்ஸ்டர் கால்ஸ்' என்று தயங்காமல் சொல்வேன். வீட்டில் யாரேனும் கடுமையான நோயில் இருக்கும் வேளையில் மட்டும், இரண்டாவதைப் பிள்ளையின் கையில் திணிக்காமல், எடுக்க வேண்டுமென்று தோன்றும்போது எடுத்துக்கொள்ளும்படி கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டு, அதுவரை வாசிப்பதற்கு 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' நூலைக் கொடுங்கள்.